சீசாவுக்குள் ஒரு சமுத்திரம்

கடற்கரையில் நடக்கப்போகும் தன் கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் தன் கையாலேயே நினைவுப் பரிசு செய்து கொடுக்கப்போவதாக ஒரு மணப்பெண் அறிவித்தால், அது தனி ஒருவரின் தீர்மானம் போலத்தான் தோன்றும். உண்மையில் அது ஆள்சேர்ப்பு அறிவிப்பு. இரண்டு சித்திகள், ஓர் அத்தை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த எதிர்வீட்டுப் பாட்டி எல்லோரும் அந்த நிமிஷமே வேலைக்கு அமர்த்தப்பட்டுவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, காபி உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் ரிசார்ட்டுகள் முளைத்த பிறகு தோன்றிய புது இனம் இந்த மணமகள். பகலில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. இரவில் எக்செல் கோப்பில் கல்யாணம். நீலத்தை டீல், அக்வா, டர்க்காய்ஸ் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருப்பார். பில் கட்டும் அப்பாவுக்கு எல்லாமே நீலம்தான். பரிசின் வடிவமும் முடிவாகிவிட்டது: விரல் நீளச் சீசா, அதற்குள் கொஞ்சம் மணல், இரண்டு சிப்பி, சுருட்டிக் கட்டிய ஒரு காகிதத்தில் மணமக்கள் பெயர், வாயில் கார்க்கு, கழுத்தில் சணல் கயிறு.

இவரைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. செலவைக் குறைக்கத் தெரிந்த கெட்டிக்காரி என்பது ஒன்று. கலைமனம் படைத்தவர் என்பது மற்றது. இரண்டுமே தப்பு, இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது இவருக்கே தெரியாது என்பது என் கட்சி. அதை நிலைநாட்ட, முதலில் சிக்கனத்தைக் கவனிப்போம். பாரிமுனையின் மொத்த விற்பனைத் தெருக்களில் குட்டிச் சீசா மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் சீசா வாங்கியவர் கார்க்கு வாங்க வேண்டும். கார்க்கு சேராவிட்டால் வேறு சீசா வாங்க வேண்டும். பசைத் துப்பாக்கி, அதற்குக் குச்சிகள், தங்க மசிப் பேனா, ரப்பர் ஸ்டாம்பு, அட்டை, அட்டையில் ஓட்டை போட ஒரு கருவி, முதல் கருவி போட்ட ஓட்டை பெரிதாகிவிட்டதால் இன்னொரு கருவி. மாதிரிக்குச் செய்து பிடிக்காமல் போனவை, ஆட்டோவில் உடைந்தவை, லீவு போட்ட நாட்கள் ஆகியவற்றுக்கு அந்த எக்செல் கோப்பில் கட்டமே கிடையாது. சௌகார்பேட்டையில் குங்குமச் சிமிழை மொத்த விலைக்கு வாங்கியிருந்தால் மிச்சமாகும் பணத்தில் அப்பா இன்னொரு நீலம்கூட வாங்கிக் கொடுத்திருப்பார். போதாக்குறைக்கு, எத்தனை செய்வது என்பதே புதிர். அமெரிக்கக் கல்யாணங்களில் வருவேன், வரமாட்டேன் என்று பதில் எழுதி அனுப்புவார்கள். பரிசை எண்ணிச் செய்யலாம். நாமோ சுற்றமும் நட்பும் சூழ வாருங்கள் என்று அச்சடித்துவிடுகிறோம். சுற்றத்தை எந்தக் கணக்குப்பிள்ளையால் எண்ணிவிட முடியும்?

சரி, கலை. கலைக்குப் பொருள் ஒத்துழைக்க வேண்டும். கடற்கரைப் பொருள்கள் சுபாவத்திலேயே அடங்காதவை. கடல் மணலில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அள்ளி வந்த மணலை அப்படியே சீசாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கண்ணாடி மங்கும், சுருட்டி வைத்த காகிதத்தில் மணமகன் பெயர் கலங்கி வேறொருவர் பெயராகும். ஆகவே நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஒரு காலத்தில் வடாம் காய்ந்த மொட்டைமாடியில் இப்போது மணல் காய்கிறது. வடாத்துக்குக் காக்கைதான் எதிரி. குடைக் கம்பியில் கறுப்புத் துணி கட்டினால் சமாளித்துவிடலாம். மொட்டைமாடியில் பரப்பிய மெல்லிய மணலைத் தெருப்பூனை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதை விளக்கத் தேவையில்லை. சிப்பிக்குள் அதன் பழைய குடித்தனக்காரரின் மிச்சம் ஏதாவது இருந்தால் மூன்றாம் நாள் வீடே மீன்வாடை அடிக்கும்; கொதிக்கவைத்துத்தான் தீர வேண்டும். வெங்காயம்கூட யோசித்து நறுக்கும் வீடாக இருந்தால், எந்தப் பாத்திரத்தில் கொதிக்கவைப்பது என்ற கேள்வி கல்யாணத்தையே ஒத்திப்போடும் அளவுக்கு வளரும். வினிகரில் ஊறப்போட்டால் பளபளக்கும் என்று யாராவது சொல்வார்கள். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட், வினிகர் அமிலம். இரவு ஊறப்போட்டவர் காலையில் எடுப்பது ஓரம் கரைந்து வெளுத்த சிப்பியை. சிப்பியை விட்டுவிட்டு ரெசின் சாவிக்கொத்துக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அது இரண்டு திரவங்களை அளவு பிசகாமல் கலக்கும் காரியம். அளவு பிசகினால் ஒருபோதும் இறுகாது. அளவு சரியாக இருந்தும் காற்றில் ஈரம் மிகுந்தால் மேலே பிசுபிசுக்கும். காற்றில் ஈரம் குறையும் வரை காத்திருப்பேன் என்று சென்னையில் ஒருவர் சொன்னால் அவருக்குக் கல்யாணமே ஆகாது.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். பிளாஸ்டிக் இல்லை, சணல் இருக்கிறது, ஆகவே இது இயற்கைக்கு இணக்கமான பரிசு அல்லவா? மணமகள் அட்டையிலேயே இதைத் தங்க மசியில் எழுதிவைத்திருப்பார். ஆனால் அலை உருட்டிக் கரையில் ஒதுக்கிய சிப்பி தேய்ந்து நிறம் வெளுத்திருக்கும். அதைப் பொறுக்கித் தீமுக்குள் கொண்டுவர முடியாது. எனவே ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ கடையில் வாங்குகிறார். கடையில் மின்னும் சிப்பிகள் பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டவை. பவளமும் கடல்குதிரையும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றை அலங்காரத்துக்கு வைத்தால் முகூர்த்தத்துக்கு முன்னால் வனத்துறையே வந்து ஆசீர்வாதம் பண்ணலாம். மணலும் சும்மா கிடக்கிற பொருள் என்று எல்லா ஊரிலும் நினைப்பதில்லை: இத்தாலியின் சார்டினியாத் தீவில் 2017 முதல் கடற்கரை மணலையோ சிப்பியையோ எடுத்துப்போகிறவருக்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அட்டையில் குத்தும் ஆமை முத்திரை. பங்குனி ஆமைகள் சென்னைக் கரையோரம் முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதாவது நம் தை, மாசி முகூர்த்தங்களோடு மிகச் சரியாகப் பொருந்தி. அடுத்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கடல் என்று நம்பி நகர்பவை. இவற்றைக் காப்பதற்காக மாணவர்கள் பல ஆண்டுகளாக இரவெல்லாம் இந்தக் கரையில் நடக்கிறார்கள். ரிசார்ட்டின் ஃபிளட்லைட் எரிய, டிஜே அலற, ஆமைப் படம் போட்ட அட்டையை விருந்தினர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். ஆமைக்கு அழைப்பு உண்டு, வரத்தான் வழியில்லை.

கடலுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே கூடாது என்று சொல்லவில்லை. வங்காளத்து மணப்பெண் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு நம் மன்னார் வளைகுடாச் சங்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சங்கை அறுத்து வளையலாக்குவது அதற்கென்றே இருக்கும் கைவினைஞர்கள். மணப்பெண் தானே ரம்பத்தைத் தூக்குவதில்லை.

கடைசியில் மிஞ்சுவது 'என் கையால் செய்தேன்' என்பது. யார் கை? சிப்பி கழுவியது சின்னச் சித்தி. கயிறு வெட்டியது பெரிய சித்தி. மணல் கொட்டியது தம்பி. கொட்டியதைப் பெருக்கியது அம்மா. பசைத் துப்பாக்கி சுட்டு விரல் கொப்புளித்தது அத்தைக்கு. மணமகளின் கை செய்தது, வரிசையாக வைத்த சீசாக்களைப் படம் எடுத்தது. வழக்கு இத்தோடு முடிந்தது என்று தோன்றும். எனக்கோ வழக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. சிக்கனமும் இல்லை, கலையும் இல்லை, சூழலியலும் இல்லை என்றால், இத்தனை பேர் எதற்காக ராத்திரி பதினோரு மணி வரை கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

சமையல் கான்ட்ராக்டர் வருவதற்கு முன் கல்யாணம் என்றால் வேலை. மஞ்சள் இடிக்க, அப்பளம் இட, முறுக்கு சுற்ற, பருப்புத் தேங்காய் பிடிக்க உறவுக்காரர்கள் பத்து நாள் முன்னாலேயே வந்து இறங்குவார்கள். முறுக்கு முக்கியமே அல்ல. முறுக்கைச் சுற்றியபடிதான் யார் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டில் கடன் முட்டுகிறது, எந்த மருமகள் எந்த மாமியாரிடம் பேசுவதில்லை என்பதெல்லாம் சபைக்கு வந்தன. கான்ட்ராக்டர் முறுக்கோடு சேர்த்து இதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரிசார்ட்டோ ஒரு படி மேலே: அங்கே பந்தல்காரர், பூக்காரர், வரவேற்கக்கூட ஆள் என்று எல்லாம் பேக்கேஜ். அம்மாவோடு கூடப் பிறந்த சித்தியும் கைப்பட்டை கட்டிக்கொண்டு விருந்தினராக வந்து, மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்து, போனைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த நிலையில்தான் நம் மணமகள் கூடத்தின் நடுவே ஒரு மூட்டை மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறார். பரிசு செய்வதாக அவர் நினைக்கிறார். செய்வது என்னவோ, கான்ட்ராக்ட் பறித்த வேலையை உறவுக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. ஆதாரம் வேண்டுமென்றால் குறை சொல்கிறவர்களைக் கவனியுங்கள். "இதெல்லாம் வேண்டாத வேலைடி" என்று முதல் நாள் சொல்லிவிட்டுப் போன அத்தை, மறுநாள் தன் சொந்தக் கத்திரிக்கோலோடு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருகிறார். ஒரு சீர்வரிசைத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு சித்திகளும் ஒரே சணல் கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடிக்கிறார்கள். கயிறு வெட்டுகிறவர்கள் எப்படியும் "கொஞ்சம் தளர்த்து" என்றாவது பேசித்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளையும் ஒருநாள் மாட்டிக்கொள்வார். ஜாதகப் பொருத்தமும் பெண்பார்க்கும் படலமும் சொல்லாத பலவற்றை, அவர் கார்க்கை அமுக்கும் விதத்திலிருந்து மாமியார் தெரிந்துகொள்கிறார்.

பெண்களின் கூலியில்லா உழைப்பை இப்படி மெச்சுவது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பழைய சமையல்கட்டில் புகையும் முட்டிவலியும் இருந்தன. எழுந்து போகும் சுதந்திரம் மட்டும் இல்லை. வித்தியாசம் இதுதான்: முறுக்கு கெட்டால் சம்பந்தி வீட்டில் மானம் போகும், சீசா கெட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. முதுகு வலித்தால் சித்தி எழுந்து சீரியல் பார்க்கப் போய்விடலாம், தம்பியை உட்காரவைத்துவிட்டு. பொருளின் உபயோகமின்மைதான் அந்த வேலையை விளையாட்டாக்குகிறது. அப்படியானால் உபயோகமுள்ள ஏதாவது செய்து தொலைக்கலாமே என்றால், செய்யலாம்தான். இத்தாலிக்காரர்கள் கல்யாணத்துக்குச் சர்க்கரை பூசிய ஐந்து பாதாம் பருப்பைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள்: ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள். வீடு போய்ச் சேருவதற்குள் ஐந்தும் வயிற்றுக்குள் போய்விடும். நம் கடற்கரைக்கே வந்தால், மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். பக்கத்து உடன்குடியின் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே உண்டு. பெட்டியை முடையத் தெரிந்தவர்கள் முடையட்டும். கருப்பட்டியை உடைத்துப் போட்டுக் கயிறு கட்டும் வேலை வீட்டுக்கு மிஞ்சும், வம்பும் குறையாது. "அதுல நான் செஞ்சதுன்னு என்ன இருக்கு?" என்று மணமகள் கேட்பார். படம் எடுப்பது இருக்கிறதே.

தின்றால் தீர்ந்துபோகும், நினைவாக எதுவும் நிற்காதே என்பார் அவர். நினைவுக்கு நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. தேங்காய் சட்னியாகி, வெற்றிலை வாயில் சிவந்து, மஞ்சள் குங்குமம் தீர்ந்த பிறகும், மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சப்பை ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் ஊர்ப் பஸ்ஸுக்கும் பல வருஷம் போய்வந்துகொண்டிருக்கும். தம்பதிகள் பிரிந்த பிறகும்கூட. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. சீசாவோ டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து, அடுத்த பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது "இது யார் கொடுத்தது?" என்ற கேள்வியோடு குப்பைக்குப் போகிறது.

அம்மாக்களுக்கு இது தெரியும். ஆகவே, மகளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு அம்மாவும் தேங்காயும் மஞ்சப்பையும் சொல்லிவைத்துவிடுகிறார். கல்யாணத்தன்று கடைசி வரிசை விருந்தினர், சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாம்பூலப் பை எங்கேம்மா குடுக்கறாங்க?" என்று விசாரிக்கும்போது, கார் நிறுத்துமிடத்துப் பக்கம் பெரிய சித்தி இரண்டு சாக்குகளோடு தயாராக நிற்கிறார். பையை வாங்கியவர் சீசாவையும் அதற்குள்ளேயே போட்டுக்கொள்கிறார். சென்னை போய்ச் சேருவதற்குள் ஒரு வேகத்தடை வரும். கண்ணாடி ஜெயிக்குமா, தேங்காய் ஜெயிக்குமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. வீட்டில் பையைக் கவிழ்க்கிறவர் வெற்றிலையில் ஒட்டிய மணலை உதறியபடி, கடற்கரைக் கல்யாணம் என்றால் இதுதான் தொந்தரவு என்று காற்றைத் திட்டுகிறார்.