பத்தே நிமிடத்தில் விலகிவிடும்

இரவு வானத்தை நோக்கும் ஆர்வலர், மேகம் திரண்டால் தொலைநோக்கிக்கு உறை போட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார். பகலில் சூரியனை நோக்கும் ஆர்வலருக்கு அந்த வழி இல்லை. விழித்திருக்கும் நேரத்தில், அதுவும் விடுமுறை நாளில், கீழே இட்லி ஆறிக்கொண்டிருக்கும் வேளையில் வானம் மூடிக்கொள்வதால், அவர் மொட்டைமாடியிலேயே நின்று மேகத்தோடு வழக்காடத் தொடங்குகிறார். அவ்வழக்கில் அவர் முன்வைக்கும் வாதம் ஒன்றே ஒன்று: “பத்தே நிமிஷம் சார், விலகிடும்.”

இந்தப் பத்து நிமிடம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட அளவன்று. காலை எட்டு மணிக்குச் சொல்லப்படும் பத்து நிமிடமும் பதினொன்றரை மணிக்குச் சொல்லப்படும் பத்து நிமிடமும் ஒரே உறுதியோடு, ஒரே குரலில், கிழக்கு நோக்கி நீட்டிய அதே ஆள்காட்டி விரலோடு சொல்லப்படுகின்றன. இடையில் தூறல் விழுந்தால், “கொட்டித் தீர்த்துட்டா தெளிஞ்சிடும்” என்னும் துணைவாதம் சேர்ந்துகொள்ளும். தூறல் விழாவிட்டால், அதுவே மேகத்தில் சரக்கில்லை என்பதற்குச் சான்றாகிவிடும். காற்றடித்தால் மேகம் தள்ளிப்போகும் என்பார். காற்று ஓய்ந்தால் புதிய மேகம் வந்து சேராது என்பார். எந்த நிகழ்ச்சியாலும் பொய்யாக்க முடியாத இத்தகைய கொள்கையை வேறொருவர் கூறக் கேட்டால், அது அறிவியலே அன்று என்று முதலில் மறுப்பவரும் இவரே.

அவருடைய கருவிகளைப் பற்றி இங்கே மிகுதியாக விரிக்க வேண்டியதில்லை. ஒன்றன் முகப்பில், சூரிய ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் வடிகட்டித் தாள் பொருத்தப்பட்டிருக்கும். அதன் வழியே பார்த்தால் கரும்புள்ளிகள், அதாவது வலுவான காந்தப்புலம் உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பதால் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கறுத்துக் காணப்படும் பகுதிகள், தெளிவாகத் தெரியும். விலை மிகுந்த மற்றொன்று, ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியை மட்டும் பிரித்தெடுத்து, சூரிய விளிம்பில் எழும் சுவாலைகளைக் காட்டும். முன்னது மெல்லிய கீற்று மேகத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பின்னதற்கு அதுவும் ஆகாது, மேகம் சிதறடிக்கும் ஒளியில் சுவாலைகள் கரைந்துபோகும். இரண்டு கருவிகளையும் வாங்கியதால் அவருக்குக் கிடைத்திருக்கும் கூடுதல் நன்மை, ஒரே மேகத்தை இருமுறை திட்டலாம் என்பதே.

பத்து நிமிடக் கொள்கைக்கு அவர் காட்டும் முதன்மைச் சான்று, கைப்பேசியில் இறக்கிவைத்திருக்கும் செயற்கைக்கோள் படம். இன்சாட்-3டிஆர் போன்ற வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒருமுறை எடுக்கும் படத்தில், வெப்பக் கதிர்களைப் பதிவுசெய்யும் பட்டையில் ஒரு படப்புள்ளி தரையில் 4 கிலோமீட்டர் அகலத்தையும், கட்புலனாகும் ஒளிப் பட்டையில் 1 கிலோமீட்டர் அகலத்தையும் குறிக்கும். அப்படத்தை இரு விரல்களால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே சற்றே கறுத்திருக்கும் ஒரு கட்டத்தைத் தம் தெருவின் பெயரால் அழைக்கும் துணிவு வேறு எவருக்கும் எளிதில் வாராது. அந்தத் துணிவுக்குள்ளே நுட்பமான பிழையொன்றும் ஒளிந்திருக்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும் காலை வேளையில், ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் மேகங்களுள் அவருக்குச் சூரியனை மறைப்பது தலைக்கு மேலுள்ள மேகமன்று; சூரியன் இருக்கும் திசையில் ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு பேட்டைக்கு மேலே நிற்கும் மேகம். ஆகவே, தம் மாடிக்கு நேர்மேலே தெளிந்துவிட்டதாகப் படத்தில் கண்டு அவர் பூரிக்கும்போது, அந்த இடைவெளியின் வழியே வெயில் விழுவது எதிர்த்திசையில் அதே தொலைவிலிருக்கும் யாரோ ஒருவர் மேல். அவர் பெரும்பாலும் குடை மறந்து பேருந்துக்கு நிற்பவராக இருப்பார்.

அதே மாடியின் மறுபாதியில் வெயிலை நம்பியிருக்கும் இன்னொருவரும் உண்டு. பழைய வேட்டியை விரித்து அதன்மேல் கூழ் வற்றல் பிழிந்து காயவைக்கும் மூத்த பெண்மணி. “பாட்டி, பத்து நிமிஷம் பொறுங்க, படத்துல தெளிவா இருக்கு” என்று நம் ஆர்வலர் கைப்பேசியை நீட்ட, பாட்டியோ கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒரே முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு, வேட்டியை ஆளுக்கு இரு முனையாகப் பிடித்துக்கொண்டு, “நீயும் அந்தக் குழாயை மூடிடு தம்பி” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். சற்று நேரத்தில் பெரிய பெரிய துளிகளாக விழத் தொடங்கும்போது, நம்மவர் ஒரு கையால் போர்வையை எடுத்துத் தொலைநோக்கியின் மேல் போர்த்தி, மறு கையால் அடுத்த படம் வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டிருப்பார். பாட்டியிடம் செயற்கைக்கோள் இல்லை. கணிப்புப் பிழைத்தால் நனைவது அவருடைய வற்றல் என்பதால், கணிப்பில் ஆசையைக் கலக்க அவருக்கு வசதியில்லை.

கிரகண நாளில் இக்கொள்கை முழு வேகம் பெறுகிறது. தரை சூடாகி, அச்சூட்டில் மேலெழும் காற்றால் உருவாகும் திரள் மேகங்கள், கிரகணத்தின்போது சூரியன் மறைய மறையத் தரை குளிர்வதால் கரைந்துபோகக்கூடும் என்பது அறிவியல் உண்மை. ஆனால் அது தாழ்வாக மிதக்கும் பஞ்சுபோன்ற சிறு திரள் மேகங்களுக்கு மட்டுமே பொருந்தும். வானம் முழுவதையும் கம்பளமாக மூடிநிற்கும் படை மேகமோ மழை கொண்டுவரும் கார்படை மேகமோ தரைச் சூட்டை நம்பிப் பிழைப்பவையல்ல. 2019 டிசம்பர் 26 அன்று காலை, நிலவு சூரியனைவிடச் சிறிதாகத் தோன்றுவதால் நடுவை மட்டும் மறைத்து விளிம்பை ஒளிவளையமாக விட்டுவைக்கும் வளைய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்றது. காலமோ வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதி. வளையம் நீடித்ததே ஏறத்தாழ மூன்று நிமிடம் என்றிருக்க, மேகம் அப்பிக்கிடந்த இடங்களில் நின்றவர்கள் அன்றும் பத்து நிமிடத்தில் விலகிவிடும் என்றே அறிவித்தனர். அவர்கள் சொன்னது ஒருவேளை பலித்திருந்தாலும், மேகம் விலகியபோது வளையமும் விலகியிருக்கும்.

இந்த இனத்தின் மூத்தவர்கள் 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்துக்காகப் பீகாரிலுள்ள தாரேக்னா என்னும் சிற்றூர் வரை போய் வந்தவர்கள். காண்பதற்கு மிகச் சிறந்த இடம் என்று முன்கூட்டியே புகழப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் கூடிய அவ்வூரைத் தென்மேற்குப் பருவமழை மேகம் மூடிக்கொள்ள, காசியில் கங்கைக்கரையில் முழுக்குப் போட வந்தவர்கள் கிரகணத்தைக் கண்டனர். காசிக்குப் போயிருந்தால் கிரகணமும் கிடைத்திருக்கும், புண்ணியமும் கிடைத்திருக்கும் என்று வீட்டிலுள்ளோர் இன்றளவும் சொல்லிக்காட்டுவதை அவர்கள் கேளாததுபோல் இருந்துவிடுகின்றனர்.

மேகம் அசையவே மறுக்கும் நாள்களில் அவர் லெ ஜான்டீயின் கதையைத் தொடங்குவார். அதைத் தொடங்கிவிட்டார் என்றால் அன்றைய வானத்தை அவரே கைவிட்டுவிட்டார் என்று பொருள். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிடுவதற்காக, வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்காகக் கடந்து செல்வதைப் பல நாடுகளிலிருந்து நேரம் குறிக்க வேண்டியிருந்த 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீ புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால், 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து, எதற்கும் உதவாத அளவீட்டை எடுக்க நேர்ந்தது. அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கி, மணிலாவுக்குப் போய், அங்கிருந்து மீண்டும் புதுச்சேரிக்கே வந்து, இடிபாடுகளுக்கு நடுவே நோக்ககமும் அமைத்துக் காத்திருந்தவருக்கு, 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்தது. கடப்பு முடிந்த பின் சூரியன் வெளிப்பட்டது. விட்டுவந்த மணிலாவிலோ வானம் தெளிந்திருந்தது. 1771இல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டதாகக் கருதி அறிவியல் அகாதெமியில் அவருக்கிருந்த இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தனர், சொத்தைப் பங்கிடும் முயற்சியில் உறவினர் இறங்கியிருந்தனர். இக்கதையைச் சொல்லும்போது நம் ஆர்வலரின் குரல் தழுதழுக்கும். எட்டாண்டு கடலிலும் கரையிலுமாக அலைந்தவரோடு, மாடிப்படியில் இரண்டு தளம் ஏறிவந்த தம்மை அவர் ஒரே வரிசையில் வைத்துக்கொள்வது சற்று மிகையே.

ஆயினும் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்குக் கேலி சற்றுத் தணியும். கரும்புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதனோடு தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் ருடால்ஃப் வொல்ஃபின் 19ஆம் நூற்றாண்டு முறையில், சூரியன் தெரிந்த ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஓர் எண் இருக்கும். புள்ளியே இல்லாத நாளுக்குப் பூச்சியம். மேகம் மூடிய நாளுக்குக் கோடு. அக்கோடுகளுள் ஒன்றையேனும் முந்தைய நாளின் எண்ணைப் பார்த்து நிரப்பிவிட அவர் துணிந்ததில்லை. 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், மேகமென்பதே இல்லாத இடத்திலிருந்து ஆதித்யா-எல்1 விண்கலம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்திலும், அதன் படத்தைப் பார்த்து எண்ணி எழுதுவதில்லை. டெசாவு நகரத்து மருந்தாளர் ஷ்வாபே 1826 முதல் இப்படி நாள்தோறும் எண்ணி வந்ததாலேயே, புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை 1843இல் அறிவிக்க முடிந்தது. இன்றும் பிரஸ்ஸல்சில் தொகுக்கப்படும் உலகக் கரும்புள்ளி எண்ணுக்கு ஆர்வலர்களும் தரவு தருகின்றனர். வாயால் மேகத்தைப் பற்றி இத்தனை புளுகும் ஒருவர், பென்சிலை எடுத்தால் புளுகாதது வியப்புக்குரியதே.

பள்ளிப் பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் அவர் நடந்துகொள்ளும் முறைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. சூரியனைக் காட்டுவதாகச் சொல்லி வரவழைத்த நாற்பது பிள்ளைகளை, பத்து நிமிடம் பத்து நிமிடமாக இரண்டு மணி நேரம் புழுக்கத்தில் வரிசையில் நிறுத்திவைத்து, கடைசியில் மேகம் உண்மையாகவே அரை நிமிடம் விலகும்போது, “குவியம் சரிபார்த்துடறேன்” என்று கண்ணருகு லென்சில் குனிபவர், மேகம் மூடிய பிறகே நிமிர்கிறார். “சார், என்ன தெரிஞ்சுது?” என்று வரிசையின் முதல் பிள்ளை கேட்க, “அருமையான ஒரு கூட்டம், கிழக்கு ஓரத்துல” என்று பதில் வருகிறது. இதைவிடக் கேடானது, மெல்லிய மேகத்தினூடே சூரியன் வெண்ணிற வட்டாகத் தெரியும்போது, மேகமே வடிகட்டிதான் என்று சொல்லி வெறுங்கண்ணால் பார்க்க விடுவது. மேகம் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியைக் குறைக்குமே தவிர, அது எந்த நொடியில் மெலியும் என்பது எவருக்கும் தெரியாது. விழித்திரைக்கு வலியுணர்ச்சி இல்லாததால், கண் கெடுவது கெடும்போது தெரிவதில்லை. மேகம் எப்போது விலகும் என்பதை ஒருமுறையேனும் சரியாகச் சொல்லியிராதவர் இதில் பொறுப்பேற்கக் கூடாது.

தமிழகத்தில் தெரியவிருக்கும் அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று கேரளத்தையும் தேனி, மதுரை வட்டாரங்களையும் கடந்து செல்லவிருக்கிறது. மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரி வெயிலுக்கு நடுவே வரும் நாள் என்பதால், அன்று மேகம் தலைகாட்டாது என்று அவர் இப்போதே அறிவித்துவிட்டார். கோடை இடிமழை என்று ஒன்று இருப்பதை நினைவூட்டியவர்களுக்கு, அது பிற்பகலில் வந்து பத்தே நிமிடத்தில் போய்விடும் என்று விடையும் தந்துவிட்டார். மதுரையில் கிழக்கும் மேற்கும் மறைப்பில்லாத மொட்டைமாடி ஒன்றைத் தெருவிலிருந்தே பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்; முக்காலி வைக்கும் இடம், பிள்ளைகளின் வரிசை வளைந்து திரும்பும் இடம் எல்லாம் தாளில் குறிக்கப்பட்டுள்ளன. வீட்டுக்காரருக்கு மட்டும் இச்செய்தி இன்னும் சொல்லப்படவில்லை.