பொருள், பார்வை, ரிப்ளை

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்குக் கடிதத்தின் தலையைப் பார்த்தாலே ஜாதகம் தெரிந்துவிடும். மேலே கோப்பைக் காட்டும் ந.க.எண். அடுத்து, "பொருள்: நிலம் – வாய்க்கால் புறம்போக்கு – ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல் – தொடர்பாக." அதற்கும் கீழே "பார்வை" என்று 1, 2, 3 போட்டு, இதற்கு முன் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்ற வம்சாவளி. பார்வை இல்லாத கடிதத்தை எங்கள் கண்காணிப்பாளர் படிக்கவே மாட்டார். "இது எங்கேர்ந்து பொறந்துச்சு?" என்று கேட்டுத் திருப்பிப் போட்டுவிடுவார்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் எங்கள் தேடுபொறி வேட்டி கட்டியிருந்தது. ரெக்கார்டு ரூம் அண்ணாச்சி. "அந்த வாய்க்கால் விஷயமா ஒரு பைல்..." என்று இழுத்தால், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பொருளைச் சொல்லாதீங்க தம்பி, இந்த ஜில்லாவுல வாய்க்காலுக்கா பஞ்சம்? நம்பரைச் சொல்லுங்க" என்பார். நம்பரைச் சொன்னால் மூட்டை அவிழும். கோப்பு வெளியே போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு சீட்டு இருக்கும்: யார் வாங்கினார், என்றைக்கு. அவருடைய அலமாரியில் இல்லாத கோப்புக்கும் இடம் உண்டு. இந்த அறையெல்லாம் ஒழிந்து எல்லாம் கம்ப்யூட்டரில் வந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது ஏங்கியிருக்கிறோம்.

வந்தது. இப்போது நான் எங்கள் அடுக்ககச் சங்கத்துக்குச் செயலாளர். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம், "நாங்கள் எழுதினோம், நீங்கள்தான் பதில் போடவில்லை" என்று சாதிக்கிறது. பழைய மடல்கள் முன்னாள் செயலாளர்களின் மெயில் பெட்டிகளில் சிதறிக் கிடந்தன. "லிஃப்ட்" என்று தேடினால், லிஃப்ட் வாசலில் கோலம் போடக் கூடாது என்ற பொங்கல் அறிவிப்பு முதலில் வந்து நின்றது.

அக்கா மகன் மென்பொருள்காரன். பெட்டிகளை எம்பாக்ஸ் கோப்பாக இறக்கி, பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதலாம் என்றான். மடல்களின் தலைப்பகுதியைப் பிரித்துக் காட்டினான். எனக்கோ பழைய சீட்டில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு மடலுக்கும் மெசேஜ்-ஐடி என்று ஓர் எண், அதுதான் ந.க. எந்தப் பெட்டியில் பிரதி கிடந்தாலும் அந்த எண் மாறாது. பதில் மடலில் ரெஃபரென்சஸ் என்று ஒரு வரி, முன்னோர்களின் ஐடியெல்லாம் வரிசையாக. சாட்சாத் பார்வை! 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதி ஆவணத்திலேயே இவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மடல்களை உரையாடலாகக் கோக்கும் வழியை 1990களில் நெட்ஸ்கேப் மெயிலுக்காக எழுதியவர் ஜேமி ஸவின்ஸ்கி. முதலில் ஐடிகளை வைத்து அட்டவணை போட வேண்டும். பார்வையில் ஒரு மடல் இருக்கிறது, பெட்டியில் இல்லை என்றால் அதற்குக் காலியாக ஓர் இடம் போட்டுவைக்க வேண்டும். பொருள் வரியைப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் "ரீ:" போன்ற முன்னொட்டுகளை உரித்துவிட்டு. மெயில் சர்வரே கோத்துக் கொடுப்பதற்கான முறை 2008-இல் ஆர்எஃப்சி 5256 ஆக வந்தது. அதில் உள்ள ஒரு வழிக்கும் அடிப்படை ஸவின்ஸ்கியின் முறைதான். இல்லாத கோப்புக்கும் இடம் வைத்த அண்ணாச்சியின் முறைக்கு யாரும் நம்பர் கொடுக்கவில்லை.

தமிழ்த் தலைப்புகள் தனிக் கூத்து. மடல் கோப்பைச் சும்மா திறந்து "பராமரிப்பு" என்று தேடினால் ஒன்றுமே அகப்படாது. மடலின் தலைப்பகுதி ஆங்கில எழுத்துக்கென்று பிறந்தது. அதனால் நம் எழுத்தைப் பெரும்பாலும் பேஸ்64 என்ற வேஷத்தில்தான் அனுப்புகிறார்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். உயிரானாலும் மெய்யானாலும் முதல் இரண்டும் ஒன்றே. ஆகவே தமிழில் தொடங்கும் தலைப்பெல்லாம் வேஷம் போட்டதும் 4, கே, 6 என்றே ஆரம்பிக்கும். கல்யாணமும் கருமாதியும் ஒரே முகம். வேஷத்தைக் கலைத்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

இப்படி எழுதிய நிரல் நொடியில் ஓடி முடித்தது. லிஃப்ட் தகராறைக் காணோம். பிறகு பாதி கிடைத்தது, "காவலாளி தீபாவளி போனஸ்" என்ற உரையாடலுக்குள். எங்கள் பொருளாளருக்கு முகவரி தட்டுவது சிரமம். யாருக்கு எழுத வேண்டுமோ அவருடைய பழைய மடல் ஒன்றைத் திறந்து ரிப்ளை அழுத்திவிடுவார். பொருளும் பழசு, பார்வையும் பழசு, விஷயம் மட்டும் புதிது. நிரல் என்ன செய்யும்? பார்வையை நம்பிக் கோத்துவிட்டது. லிஃப்ட் நிறுவனத்தின் புகார் மென்பொருளோ நேர்மாறு. ஒவ்வொரு பதிலையும் பார்வையே இல்லாமல், புதுப் புகார் எண்ணோடு அனுப்புகிறது. தகராறின் மறுபாதி ஏழெட்டு அநாதைக் கடிதங்களாகக் கிடந்தது. கண்காணிப்பாளர் இருந்திருந்தால் அத்தனையையும் திருப்பி அனுப்பியிருப்பார்.

இத்தனை மடல் குவிந்ததற்கு நாங்களும் காரணம். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் ஒரு ஜிகாபைட் இடமும் உரையாடல் தொகுப்பும் கொடுத்தபோது, இனி எதையும் அழிக்க வேண்டாம், அடுக்க வேண்டாம் என்று குதித்தோம். அலுவலகத்திலோ எதை நிரந்தரமாக வைப்பது, எதை எத்தனை வருஷத்தில் கழிப்பது என்று கோப்பை முடிக்கும்போதே எழுதியாக வேண்டும். மெயிலில் அந்தக் கோல அறிவிப்புக்கும் சாகாவரம்.

கடைசியில் அந்த அநாதைகளை நான்தான் உட்கார்ந்து, படித்து, கையால் சேர்த்தேன். நிறுவனத்துக்கு எழுதிய பதிலில் பொருள் போட்டு, பார்வை 1 முதல் வரிசையாகத் தேதியோடு அடுக்கியிருக்கிறேன். பொருளாளர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம்: புது விஷயத்துக்குப் புது மடல் திறங்கள். முகவரி தட்டச் சிரமமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து தட்டித் தருகிறேன்.