நோட்ஸ் இல்லாத பியானோ

கே: பியானோவில் எட்டு கிரேடும் முடித்துவிட்டேன். நோட்ஸை எடுத்துவிட்டால் சொந்தமாக ஒரு வரிகூட வாசிக்க வரவில்லையே, ஏன்?

ப: ஒப்பிக்கப் பழகிய விரல்களுக்குப் பேச்சு வராது. 1747-இல் பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் ஒரு மெட்டைக் கொடுக்க, இசையமைப்பாளர் பாக் அங்கேயே அதை மூன்று குரல் ஃபியூகாக, அதாவது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டைத் தொடரும் வடிவமாக, விரித்து வாசித்தார். மொசார்ட்டும் பீத்தோவனும் மேடையிலேயே சொந்தக் கற்பனையில் வாசித்தவர்கள்தான். பிற்காலத்தில்தான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பதே கௌரவமானது.

சொந்தமாக வாசிக்க இப்படித் தொடங்குங்கள்: இடது கையில் சி, எஃப், ஜி என மூன்றே கார்டுகளை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். வலது கையில் சி, டி, ஈ, ஜி, ஏ என ஐந்தே ஸ்வரங்கள். தாளம் மட்டும் நிற்கக் கூடாது. தப்பான கட்டையில் விரல் பட்டுவிட்டதா? பதறாமல் மறுபடியும் அதையே அழுத்துங்கள். ஒருமுறை வந்தால் பிழை. இருமுறை வந்தால் பாணி!