அந்தரத்தில் ஆசை

கேள்வி: பனிச்சறுக்கில் விழாமல் இறங்க வந்துவிட்டது. அடுத்து, தாவும் மேடுகள் உள்ள பார்க்குக்குப் போய் வீராங்கனை எய்லீன் கு மாதிரி அந்தரத்தில் சுழல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: சுழல்வதை மறப்பதில் ஆரம்பியுங்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிக் ஏர் என்ற தாவல் போட்டியின் தங்கத்துக்காக அவர் கடைசித் தாவலில் நாலரைச் சுற்று சுற்றினார். நீங்கள் நேரே கிளம்பி நேரே இறங்கினாலே இப்போதைக்குப் பெரிய விஷயம்.

முதலில் சாதாரணச் சரிவிலேயே, முழங்காலை மடக்கி இரண்டு காலாலும் ஒரே சமயத்தில் எம்பிப் பழகுங்கள். பிறகு பார்க்கில் இருப்பதிலேயே சின்ன மேடு. அதிலும் உடனே குதிக்காமல், ஒருமுறை ஓரமாகப் போய் நோட்டம் விடுங்கள். எம்பும் விளிம்பு, அடுத்து தட்டையான மேடை, அதற்கப்பால் இறங்கு சரிவு. கால் பட வேண்டியது அந்தச் சரிவில். அங்கே இறங்கினால் வேகம் அப்படியே கீழ்நோக்கி ஓடிவிடும். தட்டையில் விழுந்தால் மொத்த அடியும் முழங்கால் கணக்கில் வரவு. விளிம்புக்கு வந்தபின் பயந்து பிரேக் போடுகிறவர் தட்டையில்தான் விழுவார். பயத்தை மேலேயே, கிளம்பும் இடத்திலேயே பட்டுத் தீர்த்துவிடுங்கள்.

பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் கால் முன்னே ஓட, முதுகு முதலில் தரை தொடும். கெண்டைக்கால் முன்னெலும்பு பூட்ஸில் அழுந்தட்டும், கைகள் முன்னால், பார்வை இறங்கும் இடத்தில். குனிந்து கால் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், இருக்கும்.

ஹெல்மெட்டைச் சொல்லவே வேண்டியதில்லை. விழுந்தால் மட்டும் சட்டென்று ஓரம் போய்விடுங்கள். மேலிருந்து வருகிறவருக்கு மேட்டுக்குப் பின்னால் நீங்கள் தெரியமாட்டீர்கள். செல்ஃபி அப்புறம்.