மழை மேல பழி போடாதலே

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கீழ வையி. மறுபடி அடிச்சா நீ என்ன சொல்லுவேன்னு எனக்கே மனப்பாடம்: "மழை அண்ணாச்சி, அதான் நெட்டு வரல." காலையில இருந்து பதினேழு பேருக்கு இதே பாட்டு. நானும் விரலை விட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

நாம இருக்கது கரிசக்காடு. ஒரு சொட்டு விழாதான்னு வானத்தைப் பாத்தே கழுத்து வலி கண்ட ஊரு. இங்க மழையைக் குத்தம் சொன்ன மொத ஆளு நீதாம்லே. பருத்திக்கு உயிரு குடுத்த மழை உனக்கு மட்டும் பகையாளியா?

மாடியில டிஷ்ஷைக் கட்டி, டவுன்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தாண்டி ஊருக்கே நெட்டு இழுத்துட்ட. கெட்டிக்காரந்தான், இல்லங்கல. ஆனா நீ மாட்டுனது 5 கிகாஹெர்ட்ஸ். ரெண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அது மழைக்கெல்லாம் அசராது. 60 கிகாஹெர்ட்ஸா இருந்தா மழையைச் சொல்லு, நானும் வாயை மூடிக்கிடுதேன்.

கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ தூங்குதப்ப உன் பெட்டிக்குள்ள போயி எட்டிப் பாத்தேன். பாஸ்வேர்டா? டப்பாவுக்கு அடியில அச்சடிச்சிருக்கதைத்தான இன்னும் வச்சிருக்க! அதையும் மாத்து.

உள்ள சிக்னல்னு மைனஸ் 71 நிக்கி. மாட்டுன அன்னிக்கு மைனஸ் 58ன்னு காலண்டர் அட்டையில நீதான் கிறுக்கியிருக்க. நீ மறந்துட்ட, அட்டை மறக்கல. மைனஸ் கணக்கு கடன் மாதிரிலே. சின்னதா இருந்தா நிம்மதி. 13தான கூடியிருக்குன்னு எளப்பமா நெனைக்காத. டெசிபெல் கணக்குல 10 எறங்குனாலே சத்து பத்துல ஒண்ணு. 13ன்னா இருபதுல ஒண்ணு. இருபது ரூவா கூலிக்கு ஒரு ரூவா குடுத்தா எவம்லே வேலை பாப்பான்?

டிஷ்ஷுக்குள்ள அலையை வாங்க படுக்கை ஒண்ணு, நெட்டுக்குத்து ஒண்ணுன்னு ரெண்டு செயின். ஏர்ல பூட்டுன சோடி மாடு மாதிரி. ஒண்ணு மட்டும் நொண்டுனா கனெக்டர்ல தண்ணி எறங்கிருச்சோன்னு பாக்கணும். இங்க ரெண்டும் ஒண்ணாத்தான் எளைச்சிருக்கு. அப்ப கோளாறு மாட்டுல இல்ல, போற வழியில.

கீழ, நெட்டு குடுக்கவன்கூடப் பேசுத பிபிபிஓஇ இணைப்பு எத்தனை நேரமா நிக்குதுன்னும் போட்டிருக்கும். டிஷ் இணைப்பு இருபது நாளா அறுபடாம நின்னு, பிபிபிஓஇ மட்டும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா செத்துப் பொறந்துச்சுன்னா, நெட்டு குடுக்கவனைப் போயிக் கேளு. நேத்து ரெண்டும் சேந்துல்லா விழுந்துச்சு? கரண்டும் போகலையே. அப்ப அறுந்தது டிஷ் வழிதாம்லே.

இப்பக் கம்மாக்கரை வேப்பமரத்தைப் பாரு. நீ டிஷ் மாட்டுனது மாசியில. எலை உதுந்து மொட்டையா நின்னுச்சு. இப்பத் தழைச்சு, நனைஞ்சு, நட்ட நடு வழியில நிக்கி. "டவுன் டவர் கண்ணுக்குத் தெரியுதே தாத்தா"ங்க. அலை என்ன ஊசிநூலாலே? தேருலே! தேருக்குத் தெரு அகலம் வேணும். ரெண்டு கிலோமீட்டருக்கு நடுவழியில சுத்திலும் 5 மீட்டர் கேக்கும். அதுல பாதிக்கு மேலயாவது காலியா இருக்கணும். ஈர எலை அலையைக் குடிச்சிரும். சரி, மழைக்கும் அதுல ஒரு பங்கு உண்டு, ஒத்துக்கிடுதேன். ஆனா மரம்னா தழைக்கும்னு தெரியாமப் போனது உன் பங்குலா?

மரத்துல கை வச்சா பஞ்சாயத்து வரும். ரெண்டு பக்கமும் கம்பத்தை ஒசத்து. பால்காரன் கணக்கு மாதிரி காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா சிக்னலையும் இரைச்சலையும் நோட்டுல எழுது. நல்ல நாள்ல எழுதாதவனுக்குக் கெட்ட நாள்ல ஒண்ணும் வெளங்காது.

அந்தா, போன் அடிக்கி. எடுத்து, "மரம் மறைக்கி அண்ணாச்சி, நாளைக்குக் கம்பத்தை ஒசத்துதேன்"னு சொல்லு. மழைன்னு வாயத் தொறந்தே, ராத்திரி உனக்குச் சோறு கெடையாது.