எழுத்தாளருக்குத் தனிமை வேண்டுமாம்

எழுதத் தனி அறை வேண்டும் என்பவர்கள் பெங்களூரு பொம்மனஹள்ளியில் வாடகையை விசாரித்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்த்ததுமில்லை. இங்கே நாவல் வளர்வது தெரபி சென்டர் வாசலில், செல்போனில். வீடு திரும்பினால், மகன் மெட்ரோவின் மஞ்சள் வழித்தட நிலையங்களை ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை வரிசை பிசகாமல் சொல்லுவான். அம்மாவும் கூடவே சொல்ல வேண்டும். நடுவில் கதாநாயகி செத்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

யெஸ். பாலபாரதி ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்தபடியேதான் ‘துலக்கம்’ நாவலை எழுதினார். மூளைக் குறைபாட்டோடு பிறந்த மகன் ஹிகாரியை வளர்த்த ஜப்பானிய எழுத்தாளர் கென்ஸாபுரோ ஓயே 1994இல் நோபலே வாங்கினார். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், “அப்போ உனக்கும் கிடைச்சிடும்!” என்கிறார்கள். நோபல் கிடக்கட்டும். ஞாயிறு மதியம் கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா என்று கேட்டால், அத்தனை பேருக்கும் சில்க் போர்டில் டிராஃபிக்.