தேசிங்கு அமுக்கிய பட்டன்

புதுக் காரில் ஒரு பட்டனைக் கண்டால் என் மச்சானுக்குக் கை அரிக்கும். ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் பாம்பு ஊர்ந்த தடம்போல் இரண்டு கோடு, கீழே 'ஆஃப்'. "தண்ணி போட்டு ஓட்டறவங்களுக்கு வச்சது" என்று விளக்கம் வேறு.

அந்தப் பட்டன் அணைக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்பது ஓயாமல் கணக்குப் பார்க்கும் ஆசாமி. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தோம், வண்டி நிஜமாக எந்தப் பக்கம் போகிறது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுற்றுகிறது என்று பார்ப்பார். கணக்கு இடித்தால் நம்மைக் கேட்காமலே ஏதோ ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்குவார். ஒரே பிரேக் மிதியை வைத்திருக்கிற நம்மால் அது ஆகாது. 1995இல் பெரிய பென்ஸில் வந்தார். 1997இல் சுவீடனில், குறுக்கே மான் வந்தால் எப்படி ஒடிப்பது என்ற சோதனையில் அதே கம்பெனியின் சின்னக் கார் கவிழ்ந்தது. அதற்கப்புறம் சின்னதுக்கும் இவரே காவல்.

இவ்வளவு நல்லவரை அணைக்க ஏன் ஒரு பட்டன்?

செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரைச் சேவித்துவிட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. மச்சான் கடலைக்காட்டு ஓரமாக வண்டியைத் திருப்ப, முன் சக்கரம் சேற்றில் புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் முனகியதே தவிர வேகம் எடுக்கவில்லை. சக்கரம் வெறுமனே சுற்றுகிறதென்று, அதே பட்டனில் அடங்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினை இழுத்துப் பிடித்திருந்தது. பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அன்றைக்குப் பார்த்து மச்சான் அதைத் தொடவில்லை.

டிராக்டரில் வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, அந்தச் சறுக்கற காரு படத்த அமுக்கறதுதான?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எம் மவன் மெட்ராசுல டாக்ஸி ஓட்டறான்."

மச்சான் அமுக்கினார். சக்கரம் தாராளமாகச் சுழன்று சேற்றை வாரி என் வேட்டியில் அடித்துவிட்டுக் கரையேறியது. தார் ரோட்டுக்கு வந்தும் மச்சான் பட்டனைத் திரும்ப அமுக்குவதாக இல்லை. பல கார்களில் லேசாக அமுக்கினால் டிராக்‌ஷன் மட்டும் அணையும், அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலிட்டியும் போய்விடும் என்றேன். அசையவில்லை.

கடைசியில் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனை இழுத்தேன். போருக்குப் போகாதே என்று இதே பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டுத்தான் 1714இல் குதிரை ஏறினார், திரும்பவில்லை. "நல்லவேளை, நம்ம வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினாலே எல்லாம் தானா ஆன் ஆயிடும்" என்றும் சொல்லிவைத்தேன்.

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "அப்போ தேசிங்கும் ஒருதரம் குதிரையை விட்டு இறங்கி ஏறியிருக்கலாமே, மாப்ளே!"